மிஸ் அடிக்கும் எஞ்சினும் ஸ்பார்க் பிளக்கும்

“ஏனுங்ணா, வண்டி மிஸ் அடிக்குதுங்ணா” என்று ஓர் இளைஞர் வந்து சொன்னபோது, நாங்கள் நால்வரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். நம் பள்ளியில் மிஸ் என்றால் ஆசிரியை. நம் மிஸ் யாரையும் அடிப்பதில்லை. ஆனால் அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்ததும் சிரித்தது தவறு என்று புரிந்தது. அவர் மூன்று வாரம் தூக்கமில்லாமல் இருந்தவர் போலக் காணப்பட்டார்.

இது நடந்தது கோடை விடுமுறையில், பல்லடத்தில், எங்களுள் ஒருத்தியின் சித்தப்பா நடத்தும் கார்ப் பட்டறையில். அறிவியல் மன்றத்தின் ஆண்டுப் பணியாக, நம் ஊர்த் தொழில் ஒன்றைப் பார்த்து எழுதி வரும்படி சகோதரி பணித்திருந்தார். விசைத்தறியையும் கறிக்கோழிப் பண்ணையையும் மற்றத் தோழியர் முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ள, எங்களுக்கு மிஞ்சியது பட்டறைதான். முதலில் வருந்தினோம். பட்டறையில் என்ன இருக்கப்போகிறது, எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர என்று நினைத்தோம்.

இளைஞரின் கார் வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர். டிக்கியைத் திறந்தபோது அங்கே சாய்வாகக் கட்டப்பட்டிருந்த ஒரு கனமான பாட்டிலைக் கண்டோம். அதற்குள் இருப்பது நைட்ரஸ் ஆக்ஸைடு என்றார் சித்தப்பா. பல் மருத்துவரும் அறுவைச் சிகிச்சை அறையினரும் பயன்படுத்தும் சிரிப்பு வாயுவேதான் அது! மூடிய ஓடுதளத்தில் நேர்கோட்டில் விரைந்து ஓடி நேரம் கணக்கிடும் ஓட்டங்களுக்காக அவர் இதைப் பொருத்தியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓட்டம். அதற்குள் குறை தீர வேண்டும்.

குறை இதுதான். நைட்ரஸ் இல்லாமல் ஓட்டினால் வண்டி வெண்ணெய்போல ஓடுகிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு விநாடி பாய்கிறது, பிறகு படபடவென்று திணறுகிறது, புகைக்குழாயில் பட்டாசு வெடிக்கிறது. பிளக் வயர், இக்னிஷன் காயில், பெட்ரோல் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிட்டார். பணம் கரைந்ததே தவிரக் குறை கரையவில்லை.

சித்தப்பா எஞ்சினைத் தொடவே இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்போது மிஸ் அடிக்கிறது? வண்டி நின்றிருக்கும்போதா, மேடு ஏறும்போதா, பொத்தானை அழுத்திய பிறகு மட்டுமா? அழுத்திய உடனேயா, வேகம் கூடிய பிறகா? கறுப்புப் புகை வருகிறதா? பாட்டிலில் எவ்வளவு மீதி இருந்தது? நம் ஊர் வைத்தியர் நாடி பிடிப்பதற்குமுன் கேட்பதைப்போல இருந்தது.

இங்கே நம் தோழியருக்காகச் சிறிது அடிப்படையைச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அமுக்கப்படுகிறது. சரியான கணத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறியைத் தருகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிளக்கின் நடுவே ஒரு மின்முனை, அதைச் சுற்றி அலுமினா என்னும் வெண்மையான பீங்கான், அதற்கு வெளியே இரும்புச் சட்டை, அந்தச் சட்டையிலிருந்து வளைந்து வரும் மற்றொரு மின்முனை ஆகியவை உள்ளன. இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியைத்தான் கேப் என்கிறார்கள். அது பெரும்பாலும் 1 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். அதைத் தாண்டிப் பொறி பாய 10,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும்போது ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 50 முறை பொறி தருகிறது என்று நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்பதால் இந்தக் கணக்கு. இந்த ஐம்பதில் சில தவறினால், அதாவது கலவை எரியாமலே வெளியேறினால், அதுதான் மிஸ். எரியாத கலவை சூடான புகைக்குழாய்க்குள் போய்ப் பற்றிக்கொள்வதுதான் அந்தப் பட்டாசுச் சத்தம்.

சரி, நைட்ரஸ் என்ன செய்கிறது? அது தானாக எரியும் பொருள் அன்று. இதை இளைஞரே தவறாக நினைத்துக்கொண்டிருந்தார். காற்றில் எடைப்படி ஏறக்குறைய 23 விழுக்காடுதான் ஆக்ஸிஜன். நைட்ரஸ் ஆக்ஸைடின் மூலக்கூறு எடை 44. அதில் ஆக்ஸிஜன் 16. ஆகவே 36 விழுக்காடு. சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது சிதைந்து ஆக்ஸிஜனை விடுவிக்கிறது. கூடுதல் ஆக்ஸிஜனுடன் கூடுதல் பெட்ரோலையும் சேர்த்து ஊட்டினால், அதே சிலிண்டரில் அதிகம் எரிகிறது; ஆற்றல் கூடுகிறது. பாட்டிலில் திரவமாக இருக்கும் நைட்ரஸ் வெளிவந்து ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பது நாம் படித்ததுதானே.

இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மானியர் உயரத்தில் பறக்கும் போர் விமானங்களுக்கு இதே வாயுவைப் பயன்படுத்தினார்கள். மேலே காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினுக்கு ஆக்ஸிஜன் பற்றாது. அதை ஈடுசெய்ய இந்த ஏற்பாடு.

அதே போரில் எதிர்ப்பக்கத்தில் நடந்த ஒன்றை நம் தோழியர் கட்டாயம் அறிய வேண்டும். 1940-இல் ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கு ஒரு விசித்திரக் குறை இருந்தது. விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். மற்ற நேரம் குறையே இல்லை. ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், அந்தக் கணத்தில் கார்புரேட்டருக்குள் எரிபொருள் வெள்ளமாகப் பாய்வதே காரணம் என்று கண்டு, நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் தட்டை எரிபொருள் வழியில் பொருத்தினார். எஞ்சினின் உச்ச அளவுத் தேவைக்கு மட்டும் எரிபொருள் போகும், அதற்குமேல் போகாது. 1941-இன் தொடக்கத்தில் அவரே குழுவுடன் விமானத் தளம் தளமாகச் சென்று பொருத்தினார். இவர் 1930-களில் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிளில் மணிக்கு நூறு மைலுக்குமேல் சுற்றித் தங்க நட்சத்திரம் பெற்றவரும் ஆவார். குறை எந்தக் கணத்தில் தோன்றுகிறதோ அந்தக் கணத்தில் மட்டும் என்ன மாறுகிறது என்று பார்த்தார் ஷில்லிங். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததும் அதையேதான், ஷில்லிங்கின் பெயரை அவர் அறிந்திராவிட்டாலும்.

பொத்தானை அழுத்திய பிறகு மட்டும் மிஸ் என்றால், அப்போது மாறுவது என்ன? சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. வாயு அடர்த்தியாக ஆக, ஒரே இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். 1889-இலேயே பாஷன் என்ற ஜெர்மானிய அறிஞர் அழுத்தத்துக்கும் இடைவெளிக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆராய்ந்து சொல்லிவிட்டார். இளைஞரின் காரில் கேப் 1.1 மில்லிமீட்டர். சாதாரண ஓட்டத்துக்கு அது சரி. நைட்ரஸ் ஓட்டத்தில் காயில் தரும் மின்னழுத்தம் அந்தத் தூரத்தைத் தாண்டப் போதவில்லை. பொறி பாயாது, அல்லது பீங்கானின் மேற்பரப்பு வழியாகக் குறுக்கு வழி தேடிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றிக் காட்டியபோது வெண் பீங்கானின் மேல் பென்சிலால் கோடிழுத்ததுபோல ஒரு கறுப்புத் தடம் தெரிந்தது. பொறி ஓடிய வழி அதுதான்.

“இருட்டுல பானட்டைத் தூக்கிப் பார்த்தா, கெட்டுப்போன வயர்ல நீலமா மினுக்கு மினுக்குன்னு தெரியும் கண்ணு. புது வயர்னா தெரியாது. இவரு வயரை மாத்திட்டாரு. அதனால அது இல்லை” என்றார் சித்தப்பா.

ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளை வைத்து இடைவெளியை அளந்து, வெளி மின்முனையை மட்டும் மெதுவாகத் தட்டி நான்கு பிளக்கிலும் 0.8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். நடு மின்முனையின்மேல் எதையும் ஊன்றி நெம்பக் கூடாது. பீங்கான் விரிசல்விடும், அந்த விரிசல் கண்ணுக்கும் தெரியாது. எங்களையும் ஒரு பிளக்குக்குக் கேப் வைக்கச் சொன்னார். தகடு தட்டுத் தடங்கலின்றி, ஆனால் சிறிது உராய்ந்து வர வேண்டும். பார்க்க எளிது, எங்களுக்கு ஒரு பிளக்குக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

சோதனையைச் சாலையில் செய்ய மறுத்துவிட்டார். கார் தயாரிப்பாளர் பதிவு செய்த அமைப்பை விருப்பம்போல் மாற்றிப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அதைவிட, திருச்சி சாலையில் எதிரே வருவது கோழி வண்டியா பள்ளிப் பேருந்தா என்று யாருக்குத் தெரியும் என்றார். உருளைகளின்மேல் காரை நிறுத்தி ஓடாமலே ஓடச் செய்து ஆற்றலை அளக்கும் கருவி கோவையில் ஒரு பட்டறையில் இருக்கிறது. காரை அங்கே ஏற்றிச் சென்றார்கள். பெற்றோரின் அனுமதியுடன் நாங்களும் ஒரு வேனில் பின்தொடர்ந்தோம்.

போகும் வழியில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் வாயிலைக் காட்டினார்கள். 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தளம். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். கோவையின் பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதன் பெயரால் அமைந்தது. பிளக்கில் படியும் கரிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை! கரி என்றால் யானை. யானைக்கு அருள்செய்தவன் கரிவரதன். மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து அவர் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி என்ற சிறு பந்தயக் கார்தான், வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வசதியில்லாத இளைஞர் பலருக்கும் பந்தயக் கதவைத் திறந்துவிட்டது. 1995-இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். மூன்று சிலிண்டரில் ஒன்று மிஸ் அடித்தால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஆகையால் அக்காலத்துக் கோவை மெக்கானிக்குகள் பிளக்கைப் பார்க்கும் கலையை நன்கு கற்றிருந்தார்கள் என்று சித்தப்பா சொன்னார். எல்லாக் காரிலும் ஒரே எஞ்சின் என்ற விதியுள்ள அத்தகைய பந்தயங்களில் நைட்ரஸுக்கு இடமில்லை. அங்கே வெற்றி சரியாக வைத்த கேப் போன்ற சிறு காரியங்களில்தான் இருக்கிறது.

உருளைகளின்மேல் கார் முழங்கியது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். பொத்தானை அழுத்தினார்கள். திணறலே இல்லை! ஒரே சீராக மேலே போயிற்று. இளைஞர் கைதட்டிக் குதித்துவிட்டார். ஒரு கேப்பைக் குறைத்ததற்கா மூன்று வாரம் அலைந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போதே எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஆறியதும் பிளக்குகளைக் கழற்றினார். மெதுவாக ஓட்டி வந்து நிறுத்திக் கழற்றினால், கடைசியில் மெதுவாக ஓடியதைத்தான் பிளக் காட்டும். முழு வேகத்தில் நடந்ததை மறைத்துவிடும். நான்கையும் வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்தார். ஒரு பூதக்கண்ணாடியை எங்கள் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார்.

முதல், இரண்டாவது, நான்காவது பிளக்குகளின் பீங்கான் நுனி சுத்த வெள்ளையாக இருந்தது. மூன்றாவதும் வெள்ளைதான். ஆனால் அதன்மேல் ரவையைத் தூவியதுபோல மினுமினுக்கும் சிறு துகள்கள் ஒட்டியிருந்தன. அழகாக இருக்கிறது என்று எங்களுள் ஒருத்தி சொல்லிவிட்டாள்.

“அது பிஸ்டன் கண்ணு” என்றார் சித்தப்பா.

அந்தத் துகள்கள் அலுமினியம். பிஸ்டனின் தலை உருகத் தொடங்கி, அதன் பொடி பிளக்கில் வந்து ஒட்டியிருக்கிறது. மிஸ் அடித்துக்கொண்டிருந்தவரை அந்தச் சிலிண்டர் முழு வெப்பத்தைக் காணவே இல்லை. திணறலே அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது எனலாம். பொறி சரியானதும் உண்மையான குறை வெளியே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் போக வேண்டாம் என்று சித்தப்பா சொன்னதும் இளைஞருக்குக் கோபம் வந்தது. கட்டணம் கட்டியாயிற்று, நண்பர்கள் எல்லாரும் வருகிறார்கள், வண்டிதான் நன்றாக ஓடுகிறதே என்றார். சித்தப்பா வாதாடவில்லை. பல்லடத்துக்குத் திரும்பியதும் பட்டறையின் அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்டனை எடுத்து அவர் கையில் வைத்தார். அதன் தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. விளிம்பு மெழுகு உருகி வழிந்ததைப்போல இருந்தது.

பல ஆண்டுகளுக்குமுன் அவரே பிளக் போட்ட ஒரு வண்டியின் பிஸ்டனாம் அது. அதிக வெப்பம் தாங்கும் பிளக் வேண்டும் என்று எண்ணி, கடையில் வழக்கமான வகை இல்லாததால் வேறு தயாரிப்பில் பெரிய எண் உள்ளதை வாங்கிப் போட்டிருக்கிறார். அந்தத் தயாரிப்பில் எண் பெரிதானால் பொருள் நேர்மாறு என்பது அவருக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் எஞ்சின் போயிற்று. அதைத் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தாராம். சித்தியின் வளையல் அடகுக்குப் போயிற்றாம். பெட்டியின் மேலிருந்ததைப் படிக்காதது தம் தவறே தவிர, கடைக்காரர் தவறோ பிளக்கின் தவறோ அன்று என்று கூறினார். இளைஞர் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரிங்ணா” என்றார். ஞாயிறு ஓட்டம் கைவிடப்பட்டது.

பிளக்கைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியமானது இந்த வெப்ப வரிசைதான். பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரிக்குக் குறையாமலும் 850 டிகிரிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டும் கரி எரிந்து போகாமல் படிந்துவிடும். மிஞ்சினால் நுனியே தணல்போலக் கனன்று, பொறி வருமுன்னரே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கலவை எரிந்தால் அது எங்கே போகும்? மிஸ் அடித்தால் ஆற்றல் வீணாகும். முந்தி எரிந்தால் எஞ்சினே வீணாகும்.

உள்பீங்கானின் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் இரும்புச் சட்டைக்குப் போய்ச் சேர நெடுந்தூரம்; அது சூடான பிளக். மூக்கு குட்டையானால் வெப்பம் சீக்கிரம் இறங்கிவிடும். அது குளிர்ந்த பிளக். அடுப்பில் வைத்த நீளக் கரண்டியையும் குட்டைக் கரண்டியையும் நினைத்தால் சற்றுக் குழப்பமாக இருக்கும், ஏனெனில் இங்கே நாம் காக்க வேண்டியது கையை அன்று, கரண்டியின் நுனியை. ஒரு படி குளிர்ந்த பிளக்குக்கு மாறினால் நுனி வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை குறைகிறது. என்ஜிகே பிளக்கில் 6-ஐவிட 7 குளிர்ந்தது, 8 அதைவிடக் குளிர்ந்தது. பாஷ் பிளக்கில் 7-ஐவிட 6 குளிர்ந்தது. நம் அப்பாமார் காலத்தில் புகழ்பெற்றிருந்த மைக்கோ பிளக்கும் பாஷ் குடும்பத்தைச் சேர்ந்ததே; 1951-இல் பெங்களூரில் தொடங்கிய அந்நிறுவனம் 2008-இல் பாஷ் என்றே பெயர் மாறிவிட்டது. சாம்பியன் பிளக்கிலும் எண் கூடினால் சூடு கூடும். ஆகவே ஒரு தயாரிப்பின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதை வாங்கக் கூடாது. ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

நைட்ரஸுக்கு எத்தனை படி குளிர வேண்டும்? 75 முதல் 100 குதிரைத்திறன் கூடுதலுக்கு ஒரு படி என்று ஒரு பொது விதி உண்டு. அது அமெரிக்கரின் எட்டுச் சிலிண்டர் பெரிய எஞ்சின்களை மனத்தில் வைத்துச் சொன்னது என்று சித்தப்பா நினைக்கிறார். இளைஞரின் காரில் கூடுதல் 40 குதிரைத்திறன்தான். அப்படியானால் அரைப் படிகூட வேண்டாமே என்றோம். சிலிண்டருக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். எட்டுச் சிலிண்டருக்கு 75 முதல் 100 என்றால் ஒன்றுக்கு 9 முதல் 12 வரை. நான்கு சிலிண்டருக்கு 40 என்றால் ஒன்றுக்கு 10. ஆகவே ஒரு படி! கணக்கு மிஸ் இதைக் கேட்டால் மகிழ்வார்.

இளைஞர் தம்முடன் விலையுயர்ந்த வேறொரு பிளக் தொகுதியையும் கொண்டுவந்திருந்தார். வெளியே நன்கு நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கும் நீண்ட வெளி மின்முனையும் உடையவை. சாதாரணக் காருக்கு அவை மிக நல்லவை. ஆனால் நைட்ரஸின் வெப்பத்தில் நீண்டு மெலிந்த எதுவும் முதலில் சிவந்து போகும். குட்டையான, தடித்த வெளி மின்முனையுள்ள எளிய பிளக்கே இங்கே ஏற்றது. அவை அதில் பாதி விலைதான் என்று கேட்டதும் இளைஞரின் முகம் சற்று மலர்ந்தது.

ஆனால் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஏன் துகள்? எல்லாவற்றுக்கும் வெப்பம் கூடியதென்றால் எல்லாவற்றிலும் அல்லவா வர வேண்டும்? குளிர்ந்த பிளக்கைப் போட்டு இந்தக் கேள்வியை மூடிவிடலாகாது என்றார் சித்தப்பா. முதலில் நான்கு சிலிண்டரிலும் அமுக்க அழுத்தத்தை அளந்தார். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பிஸ்டன் பிழைத்திருக்கிறது. பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒரே நேரம் கண்ணாடிக் குடுவைகளில் பீய்ச்சச் செய்து அளவு பார்த்தார். மூன்றாவது குடுவையில் மட்டும் பெட்ரோல் குறைவு. உள்ளே அழுக்கு அடைத்திருந்தது. நைட்ரஸ் முழுதாகப் போக, அதற்கு ஈடான பெட்ரோல் போகவில்லை. பெட்ரோல் குறைந்த கலவை கூடுதல் ஆக்ஸிஜனுடன் சேர்ந்தால், பற்றவைப்புக் குழாயால் இரும்பை வெட்டுவதுபோலத்தான்.

பாட்டிலையும் கவனித்தார். நைட்ரஸ் 36.4 டிகிரிக்குமேல் திரவமாகவே இருக்க முடியாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய காரின் டிக்கி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். 20 டிகிரியில் சுமார் 50 பார் உள்ள அழுத்தம் அங்கே 70 பாருக்கு மேல் போகிறது. அழுத்தம் கூடினால் அதிக நைட்ரஸ் பாய்கிறது, பெட்ரோலோ பழைய அளவே. குளிர்நாட்டில் இதற்காகப் பாட்டிலைச் சூடேற்றும் போர்வை விற்கிறார்களாம். இங்கே ஈரச்சாக்கு போட வேண்டியிருக்கிறது! எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோலுக்கும் பழைய கணக்கு சரிவராது; அதற்குச் சற்று அதிகமாகவே ஊட்ட வேண்டும் என்று ஜெட்டின் துளையை ஒரு அளவு பெரிதாக்கினார். பொறி நேரத்தையும் சிறிது தாமதப்படுத்தினார், ஏனெனில் ஆக்ஸிஜன் மிகுந்த கலவை விரைவில் எரிந்துவிடுகிறது.

இவற்றில் எதையும் அவர் ஒரே நாளில் சேர்த்துச் செய்யவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். ஒன்றை மாற்றுவார், ஓட்டுவார், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார், சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதுவார். இளைஞர் வீட்டில் ஒரே மாலையில் மூன்றை மாற்றியதால்தான் எது என்ன செய்தது என்று தெரியாமல் போயிற்று. கடைசி ஓட்டத்துக்குப்பின் நான்கு பிளக்கும் வெளுத்த பழுப்பாக, ஒன்றுபோல இருந்தன. வெளி மின்முனையில் வெப்பம் ஏறிய அடையாளக் கோடு வளைவுக்கு அருகில் நின்றது. அங்கே நின்றால் வெப்ப வரிசை பொருத்தம் என்று பொருளாம். துகள் ஒன்றுகூட இல்லை. நாங்கள் பூதக்கண்ணாடியை வாங்கி இரண்டு முறை தேடினோம்.

ஒரு மாதம் கழித்து நடந்த ஓட்டத்தில் அவர் கலந்துகொண்டார். எத்தனை விநாடியில் ஓடினார் என்று கேட்க மறந்துவிட்டோம்.

பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை, இந்தக் கட்டுரைக்காகச் சில ஐயங்களைக் கேட்கப் பட்டறைக்குப் போயிருந்தோம். சித்தப்பா உதிரிப்பாகம் வாங்கக் கோவைக்குச் சென்றிருந்தார். அப்போது பார்த்து அதே கார் வந்து நின்றது.

“மறுபடியும் மிஸ் அடிக்குதுங்க அம்மிணி. அண்ணன் இல்லீங்களா?”

இந்த முறை நாங்கள் சிரிக்கவில்லை. எப்போது அடிக்கிறது என்று கேட்டோம். சிக்னலில் நிற்கும்போது, மெதுவாக ஊர்ந்து போகும்போது என்றார். நைட்ரஸ் போட்டா? இல்லை, பாட்டிலே வீட்டில் இருக்கிறது. பத்து நாளாக இந்தக் காரில்தான் அலுவலகம் போய்வருகிறாராம், சிங்காநல்லூர் நெரிசலில்.

பிளக்கைக் கழற்றச் சொன்னோம். பட்டறைப் பையன் கழற்றித் துணியின்மேல் வைத்தான். நான்கும் அடுப்புக் கரிபோல உலர்ந்த கறுப்பு. பந்தயத்துக்காகப் போட்ட குளிர்ந்த பிளக் நெரிசலில் 450 டிகிரியை எட்டவே இல்லை.

“பழைய பிளக்கை எங்கே வச்சிருக்கீங்க அண்ணா?” என்று கேட்டோம்.

டேஷ்போர்டைத் திறந்து எடுத்துத் தந்தார். காகிதத்தில் சுற்றி, மேலே ‘ஊருக்கு’ என்று சித்தப்பாவின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அவர்தான் அதைப் படிக்கவில்லை.